கிள்ளானில் நிமிர்ந்து நின்ற டோடோ

பட்டணத்துக் காட்சிசாலையில் யானை முதல் எலி வரைக்கும் நிற்கிற எலும்புக்கூடுகளில் பாதிக்கு மேல் நான் பொருத்தியவை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கம்பி எங்கே நுழைகிறது, எங்கே வெளியே வருகிறது என்று இன்றுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. கடல் கடந்து மலாய் நாட்டுக்கு என்னை அழைத்ததும் இந்தக் கைகளுக்காகத்தான், முகத்துக்காக இல்லை.

அழைத்தவர் கிள்ளானுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரை. வாலிபத்தில் மொரீசுத் தீவில் கரும்புத் தோட்டம் பார்த்தவர். அங்கிருந்து கிளம்பும்போது ஒரு பெட்டி நிறைய டோடோப் பறவையின் எலும்புகளைக் கொண்டுவந்திருக்கிறார். இப்போது வயதாகி, பொழுதும் போகாமல், ரப்பர் பால் உலர்த்தும் பழைய புகைக்கூடம் ஒன்றைச் சுத்தம் பண்ணி, அதில் ஒரு சின்னக் காட்சிசாலை திறக்க ஆசைப்பட்டார். எலும்புகளோ அந்த ஊர் ஈரக்காற்றில் பொடிந்துகொண்டிருந்தன. எங்களிடம் அனுப்பிவைத்தார். அரக்கைச் சாராயத்தில் கரைத்து, ஐந்து மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி அவற்றைக் கெட்டிப்படுத்தினேன். கூடாகக் கட்டி அனுப்பினால் கப்பல் ஆட்டத்தில் உதிர்ந்துபோகும். ஆகவே எலும்புகளோடு நானே போய் அங்கேயே நிறுத்திக் கொடுப்பது என்று ஏற்பாடு.

டோடோவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது நம் மாடப்புறாவுக்குச் சொந்தக்காரப் பறவை. யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள், ஏனென்றால் உயரம் வான்கோழி உயரம், அலகு தேங்காய் உரிக்கலாம் போலிருக்கும். மொரீசுத் தீவில் அதைத் துரத்தி வர ஒரு பிராணி இல்லை. பறக்க வேண்டிய அவசியம் இல்லாததால் தலைமுறை தலைமுறையாகச் சிறகு சிறுத்துப்போயிற்று. நம் புறாவின் நெஞ்செலும்பில் கப்பலின் அடிமரம் மாதிரி ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும், சிறகை அடிக்கும் தசைகள் அதில்தான் பிடித்திருக்கும். டோடோவுக்கு அது விரல் கனம்கூட இல்லை. தரையில் ஒரே ஒரு முட்டை இடும். பிறகு கப்பல்கள் வந்தன. கப்பலில் வந்தவர்கள் பறவையைத் தின்றார்கள், அவர்களோடு இறங்கிய பன்றியும் குரங்கும் எலியும் முட்டையைத் தின்றன. நூறு வருஷத்துக்குள் வம்சமே இல்லை.

அதோடு விட்டார்களா? செத்த பிறகு அதற்கு ஒரு அவப்பெயரும் கட்டினார்கள். கூண்டில் போட்டுக் கொழுக்கவைத்த பறவைகளைப் பார்த்துப் படம் எழுதி, டோடோ என்றால் கொழுத்த முட்டாள், வயிறு தரையில் தேய நடக்கும் மந்தம் என்று ஊர் ஊராய்ச் சொல்லிவிட்டார்கள். துரையின் கடிதத்தோடும் அப்படி ஒரு படம் வந்தது. கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, விருந்துச் சாப்பாடு முடித்து எழுந்திருக்க முடியாதவனைப் போல அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. கீழே சிவப்பு மையில், இதே மாதிரி நிறுத்தவும் என்று எழுதியிருந்தார்.

என் எலும்புகள் வேறு கதை சொல்லின. தொடை எலும்பில் தசை பிடித்திருந்த மேடுகள் கட்டைவிரலுக்குத் தட்டுப்படுகின்றன. அது ஓடிய கால். மூட்டுக்கு மூட்டை வைத்தால் பறவை தானாக நிமிர்கிறது, மடக்கினால் இடிக்கிறது. படத்தில் உள்ளபடி உட்காரவைக்க வேண்டுமென்றால் மூட்டில் அரம் வைத்துத் தேய்க்க வேண்டும். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருக்கிற எலும்பில் அரம் வைப்பதா? அதுவும் ஒரு பொய்க்காகவா? என் உயிரே போனாலும் மாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டு கப்பலேறினேன். துரையிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை துறைமுகத்தில் இறங்கினேன். சுங்கச் சாவடியில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் தகரப் பெட்டிக்குள் என்னவென்று கேட்டார். எலும்பு என்றேன். பெட்டியைத் தூக்கி நின்ற இரண்டு கூலியாட்களும் அதைப் பதமாகக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். குமாஸ்தா திறந்து பார்க்கக்கூட இல்லை. அனுதாபத்தோடு என்னைப் பார்த்து, போகலாம் என்று கையசைத்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான்தான், ஆஹா, கல்விக்கு இந்த நாட்டில் எவ்வளவு மரியாதை என்று மகிழ்ந்துபோனேன்.

கோலாலம்பூர் ரயில் நிலையம் நவாப் அரண்மனை மாதிரி கோபுரமும் வளைவுமாக இருக்கிறது. எதிரே ஒரு சீனன் கடையில் காப்பி குடித்தேன். கறுப்புக் கஷாயத்தின் அடியில் டப்பாப் பால் ஒரு விரற்கடை உறைந்து நின்றது. அவன் அதைக் கலக்காமல் வைத்தான், நானும் கலக்காமல் குடித்துவிட்டு, கடைசி மடக்கில் முழுச் சர்க்கரையும் தொண்டைக்குள் இறங்கி விக்கினேன். பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்காரர் கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி தன் காப்பியைக் குடிக்கலானார். மூன்று மணி ஆனதும் மழை வந்தது. நம் பட்டணத்தில் மழைக்காக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டவன் நான். இங்கே அது கச்சேரி உத்தியோகஸ்தரைப்போலத் தினமும் குறித்த நேரத்துக்கு வருகிறது.

தங்கியது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வீட்டு வரிசையில். என் மனைவியின் தம்பி சுந்தரம் அங்கே செந்தூல் பட்டறையில் பிட்டர். அவன் மனைவி கமலம் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். பெட்டியைப் பார்த்ததும் தட்டைத் தாழ்த்திவிட்டாள். எலும்போடு வருகிறேன் என்று நான் முன்கூட்டியே எழுதியிருந்ததைச் சுந்தரம் படித்துச் சொல்லியிருக்கிறான்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எலும்ப வீட்டுக்குள்ள வெக்க வேணாம்.”

இது பறவை எலும்பு, செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்று விளக்கினேன். பறவையாக இருந்தாலும் எலும்பு எலும்புதானே, சாமி படம் இருக்கிற வீடு என்றாள். நம் ஊரில் அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவராமல் மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம் அல்லவா, அந்த முறைப்படி கொல்லையில் இருந்த ரம்புத்தான் மரத்துக் கிளையில் என் டோடோவைத் தொங்கவிட்டார்கள். மழைக்கு மெழுகுசீலை சுற்றி, அதற்கு மேல் கமலம் தானாகவே ஒரு வெள்ளை வேட்டியையும் சுற்றிக் கட்டினாள். அன்று சாயங்காலம் கோழிக் குழம்பு வைத்தாள். எலும்போடுதான். நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் குழம்பு அத்தனை ருசி. தேங்காய்ப் பாலும் செரை என்கிற எலுமிச்சைப் புல்லும் போட்டு அந்த ஊர்ப் பக்குவத்தில் வைத்திருந்தாள்.

துரை பினாங்குக்குப் போயிருந்தார், வியாழக்கிழமைதான் திரும்புவார். ஆகவே செவ்வாய்க்கிழமை சுந்தரம் என்னைப் பத்துமலைக்கு அழைத்துப் போனான். மரப்படிகளில் ஏறி மூச்சு வாங்கி நின்றால், மலையின் வயிற்றுக்குள்ளேயே கோயில். முருகனைக் கும்பிட்டு, அந்தப் பறவையைத் தலைநிமிர்ந்து நிற்கவை அப்பனே, அரத்தை என் கையில் கொடுத்துவிடாதே என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, என் பிள்ளைக்குக் கால் ஊனம் என்று நினைத்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று தேற்றினாள்.

திரும்பி வந்தபோது கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், முறுக்கிய கயிறு போன்ற உடம்பு. இரண்டு வீடு தள்ளி இருக்கும் காத்தமுத்து, ரயில்பாதை பழுது பார்க்கிற கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி என்று சுந்தரம் சொன்னான். நான் வணக்கம் சொன்னேன். அவர் பதிலுக்குத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை எழுந்து பார்த்தால் கிளை இருக்கிறது, கயிறு இருக்கிறது, பெட்டி இல்லை.

ஐந்து மாத வேலை போயிற்று என்பதுகூட இரண்டாம் பட்சம். அந்தப் பறவைக்காக வாதாட இருந்த ஒரே சாட்சி அந்த எலும்புகள். அவை போனால் சிவப்பு மைப் படம்தான் மிஞ்சும். நான் போட்ட சத்தத்தில் காத்தமுத்துவின் மனைவி ஓடிவந்தாள். தன் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே பெட்டியோடு கிள்ளானுக்குப் போய்விட்டார் என்று அவள் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கிற்று.

தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் சொந்தபந்தம் இல்லாமல் செத்துப்போகிற நம் ஆட்களின் அஸ்தி மரத்திலேயே மாதக் கணக்கில் தொங்கும். கரைக்க ஆள் இராது. அப்படித் தொங்குவதை எங்கே பார்த்தாலும் காத்தமுத்து எடுத்துப்போய்க் கிள்ளான் ஆற்றில் கரைத்துவிடுவாராம். யாரிடமும் கேட்க மாட்டார், சொல்லிக்கொள்ளவும் மாட்டார். கேட்டால் உரியவர்கள் மறுபடி அழுவார்கள், அது எதற்கு என்பது அவர் கட்சி. இந்த நாட்டில் செத்த யாரோ உறவுக்காரருடைய எலும்பைப் பொறுக்க நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், துக்கத்தில் கரைக்க மனம் வராமல் மரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். முந்தின நாள் என் முகம் அப்படித்தான் இருந்தது என்று கமலமும் ஒத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். கிளம்பத் தயாராக நின்ற வண்டியில் பாய்ந்து ஏறினேன். மூச்சு வாங்கி முடித்து எதிரில் இருந்தவரிடம் கிள்ளான் எப்போது வரும் என்று கேட்டால், அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, இது வடக்கே போகிற வண்டி ஐயா என்றார். சுங்கை பூலோவில் இறங்கினேன். திரும்ப வண்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான். ரப்பர் ஏற்றிய சீனன் லோரி ஒன்று கிள்ளான் பக்கம் போக நின்றது. கையெடுத்துக் கும்பிட்டு ஏறிக்கொண்டேன். ரப்பர் தகடுகளின் நாற்றம் இருக்கிறதே, நான் யானைப் பிணத்தை வேகவைத்தவன், எனக்கே குமட்டியது. வழியில் ஒரு தரம் சக்கரம் சகதியில் இறங்கிவிட்டது, லோரிக்காரனும் நானும் தோள் கொடுத்துத் தள்ளினோம். சட்டையெல்லாம் சிவப்பு மண்ணாகக் கிள்ளான் பாலத்தில் இறங்கும்போது உச்சி வெயில்.

ஆற்றங்கரையில், பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு படித்துறையில் காத்தமுத்து உட்கார்ந்திருந்தார். வேட்டி பிரிந்து கிடந்தது. பெட்டி திறந்திருந்தது. பஞ்சுக்குள் ஒன்றைத் தவிர எல்லா எலும்புகளும் இருந்தன, நான் முதலில் எண்ணியது அதைத்தான். அந்த ஒன்று அவரிடம் இருந்தது. கால் எலும்பு. அதை ஒரு பாதத்தின்மேல் வைத்து, மற்றக் காலின் பெருவிரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“இது மனுசன் எலும்பு இல்லீங்களே,” என்றார். “இது மொரீசுச் சகதியில கெடந்த பறவ. இத என் காலுக்குத் தெரியும்.”

எனக்குத் திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பதினேழு வயதில் கரும்பு வெட்ட மொரீசுக்குப் போனவராம். ஆலைக்குப் பின்னால் ஒரு சதுப்பு. ஒரு வெள்ளைக்காரர் கரும்புக் கூட்டத்திலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி அதில் இறக்கினார். நெஞ்சளவு கறுப்புத் தண்ணீர். கையால் துழாவ எட்டாது, கால்தான். வரிசையாகக் கைகோத்து நின்று, பாதத்தால் சகதியைத் தடவித் தடவி, கல்லா, வேரா, எலும்பா என்று பிரித்தறிந்து, எலும்பு என்றால் கால்விரலால் கவ்வி மேலே கொண்டுவர வேண்டும். இரண்டு மாதம் அந்த வேலை.

புத்தகங்களில் அந்த எலும்புகளைப் பற்றி எத்தனை பக்கம் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கண்டெடுத்தவர் என்று கரையில் நின்றவர் பெயர்தான். சகதியில் நின்ற கால்கள் நம்முடையவை என்று எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. மார்பு விம்மிற்று என்று கதைகளில் எழுதுகிறார்களே, அன்றைக்குத்தான் அது நிஜமாகவே விம்மும் என்று கண்டுகொண்டேன்.

பிறகு, எனக்கு வேண்டியதை அவரே சொன்னார். சதுப்பின் ஓரத்தில் ஒரு இடத்தில் தொடையும் முழங்காலும் பாதமும் பிரியாமல், சகதிக்குள் நட்டுவைத்தது போல ஒரு கால் நின்றதாம். தண்ணீர் குடிக்க வந்து புதைந்து, நின்றபடியே செத்த பறவை.

“மடங்கி இருந்துதா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. நிமிந்து நின்னுச்சு. சிப்பாய் மாரி.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துரையிடம் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். வயிற்றுவலி என்று வேலைக்குச் சொல்லியனுப்பிவிட்டு வருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை துரையின் தோட்டத்துக்குப் போனோம். புகைக்கூடம் கழுவிவிட்டும் புகை வாசனை போகாமல் இருந்தது. உள்ளே அவர் வேட்டையாடிய மான், பன்றி, முதலை மண்டைகளும் எலும்புகளும். மலாய் நாட்டுத் தோட்டத் துரைகளுக்குத் தமிழ் தெரியும், கூலியாட்களிடம் கற்ற தமிழ். வா, போ, நில் என்று ஏவுகிற பேச்சு தவிர வேறு கிடையாது. “நீ கூடு கட்டு. படம் மாதிரி கட்டு,” என்றார். நான் சுத்தமான இங்கிலீஷில், தங்கள் உத்தரவுப்படி முதலில் எலும்புகளை இணைத்துப் பார்க்கிறேன் என்றேன். அவர் ஒரு நிமிஷம் திகைத்தார், ஆனால் தமிழை விடவில்லை. தனக்குத் தமிழ் தெரிந்திருப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அன்று முழுக்க முதுகெலும்பும் இடுப்பும் பொருத்தினேன். காத்தமுத்து கம்பி வளைக்க ஒத்தாசை செய்தார். மத்தியானம் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து நெத்திலிக் கருவாட்டுச் சம்பலும் சோறும் வந்தது. உறைப்பில் எனக்குக் காது அடைத்தது, காத்தமுத்து சாவதானமாக இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை கால்களை வைத்தேன். பறவை நிமிர்ந்தது. துரை வந்து பார்த்துவிட்டுப் படத்தை எடுத்து நீட்டினார். நான் மூட்டைக் காட்டினேன், தசை மேட்டைக் காட்டினேன், மடக்கினால் இடிப்பதைக் காட்டினேன். அவர் மேசையிலிருந்து அரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மறுநாள் சாயங்காலம் திறப்பு விழா, விருந்தாளிகளுக்குத் தெரிந்த டோடோதான் அங்கே நிற்க வேண்டும் என்றார். இல்லையென்றால் தோட்டத்துத் தச்சனை வைத்து முடித்துக்கொள்வாராம்.

நான் அரத்தை எடுத்து என் பைக்குள் போட்டு மூடினேன். பிறகு காத்தமுத்துவைச் சுட்டிக்காட்டி, இவர் இந்தப் பறவையின் கால் நின்ற நிலையைச் சகதியிலேயே கண்டவர் என்றேன். துரை சிரித்தார். மொரீசுக்குப் போனதாகச் சொல்லாத கூலி எவன் என்றார். அந்தச் சிரிப்பில் எனக்குக் காது வரைக்கும் சூடேறிற்று. காத்தமுத்துவுக்கு ஏறவில்லை. கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். வெளியே போய்க் கால்களைக் கணுக்கால் வரை தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எலும்பெல்லாம் கலந்து போட்டு மூடுங்க தொரை. நான் பாக்க மாட்டேன்.”

துரைக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. அவரே மானின் கால் எலும்பு ஒன்று, பன்றி எலும்பு இரண்டு, சமையற்கட்டிலிருந்து வரவழைத்த வான்கோழி எலும்பு ஒன்று, கூட்டில் சேராமல் பெட்டியில் உபரியாகக் கிடந்த டோடோ கால் எலும்புகளில் மூன்று என்று தரையில் பரப்பி, மேலே கோணியைப் போட்டு மூடினார். வான்கோழி எலும்பு கிட்டத்தட்ட அதே நீளம். அது அவர் குசும்பு. காத்தமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார், திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்து ஒரு காலைக் கோணிக்கு அடியில் விட்டார். அந்தப் பாதம் அவசரப்படவில்லை. தொட்டது, உருட்டியது, ஒதுக்கியது. முதல் டோடோ எலும்பு விரல்களுக்கிடையில் கவ்வி வெளியே வந்தது. இரண்டாவது. வான்கோழி எலும்பைத் தொட்டு நின்றது, ஒரு கணம் யோசித்தது, தள்ளிவிட்டது. மூன்றாவது வந்தபோது, இது இடது கால் என்றும் சொன்னார். இடதுதான்.

துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. எலும்பு எடுக்கவைத்த வெள்ளைக்காரரின் அடையாளம் என்ன என்று கேட்டார். ஒற்றைக் கண்ணுக்குக் கண்ணாடி, புள்ளிக் குதிரை, சாயங்காலமானால் கரையில் உட்கார்ந்து பிடில் வாசிப்பார் என்றார் காத்தமுத்து. துரை நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பெட்டியைத் தனக்குக் கொடுத்தவரே அந்தப் பிடில்காரர்தான் என்றார், முதல் தடவையாக இங்கிலீஷில். கால் எப்படி நின்றது என்று அவரே கேட்டார். காத்தமுத்து தரையில் நேராக நின்று, ஒரு காலைச் சற்று முன்வைத்து, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார்.

துரை படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சரி. நிக்கவை,” என்றார்.

அன்று நான் பொருத்தின மாதிரி என் ஆயுளில் எதையும் பொருத்தினதில்லை. சனிக்கிழமை காலை ஒளி ஜன்னல் வழியாக விழும்போது அது நின்றது. கறுப்பும் தேன்நிறமும் கலந்த எலும்பு, அகன்ற இடுப்பு, ஒரு கால் முன்னால், தலை உயர்த்தி. முட்டாள் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். நான் அழுதேன் என்பதை மறைக்கவில்லை.

மிச்சம் அட்டை எழுதுவது. காட்சிசாலை வழக்கப்படி பொருளின் பெயர், கிடைத்த ஊர், எடுத்தவர் பெயர். எடுத்தவர் என்ற இடத்தில் பிடில்காரர் பெயரைத் துரை சொன்னார். அவர் கரையில் நின்றவர், எடுத்தவர்கள் வேறு என்றேன். இந்தத் தடவை அவர் வாதாடவில்லை, நீயே எழுது என்றார். காத்தமுத்து என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், தலையை ஆட்டிவிட்டார்.

“நான் ஒருத்தன் இல்லீங்களே. ஆறு பேரு.”

பெரிய அட்டை எடுத்தேன். சின்னையா, பெரியதம்பி, வீரன், அப்புடு என்று ஒவ்வொருவராகச் சொன்னார். ஆறாவது பெயர் வரவில்லை. நெட்டையான ஆள், எப்போதும் சிரித்த முகம், நின்ற காலைக் கண்டுபிடித்தவனே அவன்தான், அந்த வருஷமே சதுப்புக் காய்ச்சலில் போய்விட்டான். முகம் தெரிகிறது, பெயர் வர மாட்டேன் என்கிறது. நெற்றியில் அடித்துக்கொண்டார், தரையில் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிகளின் கார்கள் வர ஆரம்பித்தன. வேறு வழியில்லாமல் ஆறாவது வரியில், இன்னும் ஒருவர் என்று எழுதி மாட்டினேன். வெள்ளைக்காரிகளும் தவுக்கை எனப்படும் சீன முதலாளிகளும் வந்து பறவையைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். காத்தமுத்து அட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கப்பல். கிள்ளான் ஸ்டேஷனில் துறைமுகத்துக்குப் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். காத்தமுத்து முதல்நாளே பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிவிட்டார். வழியனுப்ப வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். விசில் ஊதியாயிற்று, வண்டி நகர்ந்தாயிற்று. அப்போது பிளாட்பாரத்தின் கோடியில், எதிர்ப்பக்கம் வந்து நின்ற கோலாலம்பூர் வண்டியிலிருந்து குதித்து ஒரு ஆள் ஓடிவருகிறார். வெறுங்கால். வாயில் வெற்றிலைச் சாறு வழிகிறது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என்னைக் கண்டதும் கூவினார்.

“ஐயா, சடையன்! அவன் பேரு சடையன்!”

தபாலில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். தபால் வந்தால் துரை ஆகட்டும் என்று மேசை இழுப்பறைக்குள் போடுவார். காட்சிசாலைகளில் அது எப்படி என்று எனக்குத் தெரியும், நானே எத்தனையோ கடிதங்களை அப்படிப் போட்டவன். கருவிப் பையை முதலில் வீசினேன், பிறகு நான் குதித்தேன். முழங்கால் சிராய்த்தது. காத்தமுத்து தூக்கிவிட்டார். வாடகை மாட்டுவண்டி பிடித்து இருவரும் தோட்டத்துக்குப் போனோம். துரை தூங்கிக்கொண்டிருந்தார். புகைக்கூடத்தைத் திறந்து, மைக்கூட்டைத் திறந்து, புது அட்டையில் ஆறு வரியும் முதலிலிருந்து எழுதினேன்.

அடுத்த கப்பலுக்கு எட்டு நாள். பட்டணம் வந்து சேர்ந்ததும் மேலதிகாரி தாமதத்துக்கு எழுத்துமூலம் சமாதானம் கேட்டார். காய்ச்சல் என்று எழுதும்படி தலைமைக் குமாஸ்தா ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார். நான் அப்படி எழுதவில்லை. சடையன் என்பவருடைய பெயர் விட்டுப்போயிருந்தது, அதை எழுதிவிட்டு வந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.